பாலினம் பற்றிப் பேசினால் வேலை போகுமா, போலீஸ் வருமா? பிரிட்டன் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருப்பதால் மருத்துவமனை, பள்ளி, சூப்பர்மார்க்கெட், கவுன்சில் அலுவலகம் என்று பல இடங்களில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். சில வருடங்களாகப் பாலினம் பற்றிய பேச்சுதான் அதில் அதிகம். பிறப்பில் வந்த பாலினம் மாறாது என்று நம்புகிறவர்களும் கேட்கிறார்கள், பிள்ளை திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றே. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கீழே இருப்பது பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து பற்றியது. வடக்கு அயர்லாந்தில் பாகுபாட்டுச் சட்டம் வேறு. உங்கள் தனிப்பட்ட விவகாரத்துக்கு வழக்கறிஞரையோ சங்கத்தையோ கட்டாயம் பாருங்கள்.

இந்த நாட்டுல பேச்சுச் சுதந்திரம் இருக்கா, இல்லையா? ஒருத்தர் இருக்குங்கறார், ஒருத்தர் இல்லங்கறார்.

இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம், ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவை இங்குள்ள நீதிமன்றங்களில் கோரக்கூடிய உரிமையாக்கியது. அந்தப் பிரிவின் முதல் பகுதி பேச்சுரிமையைத் தருகிறது. அதை எப்போது கட்டுப்படுத்தலாம் என்று இரண்டாம் பகுதி சொல்கிறது: கட்டுப்பாடு சட்டத்தில் இருக்க வேண்டும், பிறர் உரிமையைக் காப்பது போன்ற நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன அல்லது விழுகின்றன.

"எனக்கு மனம் புண்பட்டது" என்பது மட்டும் பேச்சைத் தடுக்கப் போதாது. வேக்ஃபீல்ட் கதீட்ரல் படியில் நின்று மதப் பிரசாரம் செய்த பெண்கள் ஒருமுறை கைதானார்கள். அவர்களில் ஒருவர் செய்த மேல்முறையீட்டில் 1999-இல் நீதிபதி செட்லி, யாரையும் புண்படுத்தாமல் மட்டுமே பேசலாம் என்ற சுதந்திரம் இருந்து பயனில்லை என்று எழுதினார். இன்றைய பாலின வழக்குகளிலும் அந்த வரியை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆணா பெண்ணாங்கறது பிறப்பிலேயே முடிவானது, அதை மாத்த முடியாதுன்னு நான் நம்பறேன். இதைச் சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடலாமா?

அந்த நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள் என்பதற்காகவோ, அதைச் சாதாரணமாகச் சொன்னீர்கள் என்பதற்காகவோ தூக்க முடியாது. இதைத் தீர்த்து வைத்தது மாயா ஃபோர்ஸ்டேட்டர் வழக்கு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுத்தான் இரு தரப்பிலும் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

ஃபோர்ஸ்டேட்டர் லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர். சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் 2004-ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டத்தை மாற்றும் யோசனையை அரசு முன்வைத்திருந்த 2018-இல், ட்விட்டரில் அதை எதிர்த்து எழுதினார். சக ஊழியர்கள் புகார் செய்தார்கள், அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மதத்தை மட்டும் காப்பதில்லை. மதம் சாராத ஆழ்ந்த நம்பிக்கைகளையும் காக்கிறது. எந்த நம்பிக்கை அதில் அடங்கும் என்பதற்கு ஐந்து அளவுகோல்கள் உண்டு. அவை பருவநிலை மாற்றம் பற்றிய நம்பிக்கைக்காக நிக்கல்சன் என்பவர் தன் நிறுவனத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில் வகுக்கப்பட்டவை. ஐந்தாவது அளவுகோல், நம்பிக்கை ஜனநாயகச் சமூகத்தில் மதிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது. 2019 டிசம்பரில், வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம், ஃபோர்ஸ்டேட்டரின் நம்பிக்கை அந்த ஐந்தாவதில் தேறவில்லை என்றது.

2021 ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைப் புரட்டிப் போட்டது. நாஜிசம், சர்வாதிகாரம் போன்று பிறர் உரிமையையே அழிக்கும் நம்பிக்கைகள் மட்டும்தான் அந்த அளவுகோலில் விழும் என்றார் நீதிபதி சௌத்ரி. பலர் நம்புகிற, சட்டத்திலும் இடமுள்ள ஒரு கருத்து, சிலருக்கு வலிக்கிறது என்பதற்காக அந்தப் பட்டியலில் சேராது. 2022-இல் முழு விசாரணை நடந்தது, அவர் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று முடிவானது. மறு வருடம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது.

பலர் விட்டுவிடும் பாதி இதோ: இந்தத் தீர்ப்பு திருநர்களை வேலையிடத்தில் இஷ்டத்துக்குத் தவறான பாலினத்தில் அழைக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று நீதிபதி சௌத்ரி அதே தீர்ப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார். திருநர்களுக்குப் பாகுபாட்டிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் உள்ள பாதுகாப்பு அப்படியே தொடரும் என்றும் எழுதினார். ஃபோர்ஸ்டேட்டர் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் வாதிட்டால், இந்தப் பத்தியையும் படித்தீர்களா என்று கேளுங்கள்.

எங்க பொண்ணு திருநங்கை. அப்ப எதிர்க்கருத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பா? எங்க நம்பிக்கைக்கு இல்லையா?

உங்களுக்கும் உண்டு. ஒருவரின் பாலின அடையாளத்தை அவர் சொல்வதுபோல் ஏற்க வேண்டும் என்பது நீங்கள் ஆழமாகக் கொண்ட நம்பிக்கை என்றால், மேலே சொன்ன அதே அளவுகோல்தான் அதற்கும். அதைச் சொன்னதற்காக மேலாளர் உங்களை ஒதுக்கினால் நீங்களும் தீர்ப்பாயம் போகலாம்.

உங்கள் மகளுக்கோ இன்னும் நேரடியான பாதுகாப்பு இருக்கிறது. சமத்துவச் சட்டம் காக்கும் ஒன்பது அம்சங்களில் பாலின மாற்றமும் ஒன்று. அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டியதில்லை, எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மாறும் பாதையில் இருப்பதே போதும்.

பாதுகாப்பு இருக்குன்னா ஆஃபீஸ்ல யாரைப் பார்த்து என்ன வேணா சொல்லலாமா?

கூடாது. கருத்து என்ன என்பது ஒரு கேள்வி, அதை யாரிடம், எப்படி, எத்தனை முறை சொன்னீர்கள் என்பது வேறொரு கேள்வி. சமத்துவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு துன்புறுத்தலை வரையறுக்கிறது. பாதுகாக்கப்பட்ட அம்சத்தோடு தொடர்புள்ள, ஒருவர் விரும்பாத நடத்தை, அவர் மானத்தைக் குலைத்தாலோ, அவருக்கு வேலையிடத்தை மிரட்டலும் இழிவும் நிறைந்ததாக்கினாலோ அது துன்புறுத்தல். நோக்கம் அதுவாக இருக்க வேண்டியதில்லை, விளைவு அதுவானாலும் போதும். ஆனால் விளைவை எடைபோடும்போது பாதிக்கப்பட்டவர் உணர்வோடு, சூழ்நிலையையும், அப்படி உணர்வது நியாயமா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

2020-இல் பர்மிங்ஹாம் தீர்ப்பாயத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம் தோற்ற வழக்கைப் பாருங்கள். ஏறத்தாழ இருபது வருடம் அங்கே இருந்த பொறியாளர் ஒருவர், தன்னை ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடக்க முடியாது என்று சொல்லி, பெண்ணுடையில் வரத் தொடங்கினார். கேலியும் வசையும் தொடர்ந்தன, நிறுவனம் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1,80,000 பவுண்டு இழப்பீடு. கேலி செய்தவர்களில் ஒருவர் "இது என் கருத்துரிமை" என்று சொல்லியிருந்தாலும் வழக்கின் முடிவு மாறியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேன்டீனில் ஒருவர் கேட்க, நீங்கள் நிதானமாக உங்கள் கருத்தைச் சொல்வது ஒன்று. திருநங்கை ஒருவர் உள்ளே வரும்போதெல்லாம் அவர் காதில் விழும்படி அதையே சொல்வது வேறு. இரண்டிலும் வார்த்தை ஒன்றாகவே இருக்கலாம்.

கூட வேலை செய்யறவர் தன்னை 'ஷி'ன்னு கூப்பிடச் சொல்றார். என் மனசாட்சி இடம் கொடுக்கல. மறுக்கலாமா?

இதற்கு நெருக்கமான வழக்கு டாக்டர் மெக்கரத்துடையது. கிறிஸ்தவரான அவர், அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்காக உடல்நல மதிப்பீடு செய்யும் பணிக்கு வந்தார். வருகிறவர்கள் கேட்கும் சுட்டுப்பெயரைப் பயன்படுத்த மாட்டேன் என்றார். 2022-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஃபோர்ஸ்டேட்டர் தீர்ப்பைப் பின்பற்றி, அவர் நம்பிக்கை பாதுகாக்கப்பட்டதே என்றது. ஆனால் வழக்கில் அவர் தோற்றார். நலிந்த நிலையில் உதவி கேட்டு வருபவர்களிடம் இப்படி நடக்கத் துறை அனுமதிக்காதது அவசியமான, அளவான நடவடிக்கை என்று முடிவானது.

சக ஊழியர் விஷயத்திலும் முரட்டுத்தனமாக மறுத்துத் திரும்பத் திரும்ப 'ஹி' என்றால் மேலே சொன்ன 26-ஆம் பிரிவுக்குள் போய் விழுவீர்கள். சுட்டுப்பெயரே வராமல் அவர் பெயரைச் சொல்லி அழைப்பது பல இடங்களில் இரு தரப்புக்கும் ஒத்துப் போயிருக்கிறது. வாய் தவறி ஒரு தடவை சொல்லிவிட்டால் அது குற்றமா என்றும் கேட்கிறார்கள். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள், அதோடு முடிந்தது.

வேலை நேரத்துக்கு வெளிய, என் சொந்த ஃபேஸ்புக்ல போட்டா கம்பெனி எப்படிக் கேட்க முடியும்?

கேட்கலாம். ஆனால் தண்டிப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். குளோஸ்டர்ஷயரில் ஒரு பள்ளியில் மாணவர் நலப் பணியில் இருந்த கிறிஸ்டி ஹிக்ஸ், 2018-இல் பள்ளிகளில் பாலினம், உறவுகள் பற்றிச் சொல்லித் தரும் முறையை எதிர்க்கும் பதிவுகளை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். ஒருவர் புகார் கொடுத்தார், வேலை போனது. 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் பாகுபாடு என்றது. நீதிபதிகள் பார்த்தவை இவை: கடுமையான வார்த்தைகள் அவர் எழுதியவை அல்ல, பகிர்ந்தவற்றில் இருந்தவை. பள்ளியின் பெயர் எங்கும் வரவில்லை. மாணவர்களிடம் வேற்றுமை காட்டினார் என்பதற்குச் சான்று இல்லை. அப்படியிருக்க வேலையைவிட்டே நீக்கியது அளவுக்கு மீறியது.

சமூகப் பணியாளர் ரேச்சல் மீடின் வழக்கும் இதே வகை. ஃபேஸ்புக் நண்பர் ஒருவர் செய்த புகாரால் அவரைத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பு தண்டித்தது, வேலை பார்த்த வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பணியிடை நீக்கம் செய்தது. 2024 ஜனவரியில் தீர்ப்பாயம் இரண்டுமே அவரைத் துன்புறுத்தியதாகச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு "அப்ப என்ன வேணா போடலாம்" என்று போகாதீர்கள். வேலையிட வாட்ஸ்அப் குரூப் சொந்த இடம் இல்லை. அங்கே குறிப்பிட்ட சக ஊழியரைக் கிண்டல் செய்யும் மீம் ஒன்றை ஃபார்வர்டு செய்தால் ஹிக்ஸ் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது. அவர் வழக்கில் எந்த மனிதரும் குறிவைக்கப்படவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

ட்வீட் போட்டா போலீஸ் வீட்டுக்கு வருமா?

வந்திருக்கிறது. வந்தது சட்டப்படி தவறு என்றும் தீர்ப்பாகியிருக்கிறது. முன்னாள் காவலர் ஹாரி மில்லர் திருநர் பற்றிப் போட்ட ட்வீட்டுகளுக்காக 2019-இல் ஹம்பர்சைட் போலீஸ் அவர் வேலையிடத்துக்கே போனது. குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் 'குற்றமற்ற வெறுப்புச் சம்பவம்' என்று பதிவு செய்தார்கள். ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியால் கொல்லப்பட்ட பின் 1999-இல் வந்த மெக்ஃபர்சன் அறிக்கையிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. இனவெறித் தாக்குதலின் அறிகுறிகளை முன்கூட்டியே கவனிக்க என்று தொடங்கியது. இங்கே கருநிறத்தோடு வாழும் நமக்கு அதன் தேவை புரியும். அதனால்தான் அது ட்வீட்டு வேட்டையாகத் திரிந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2020-இல் உயர் நீதிமன்றம் போலீஸ் நடந்துகொண்ட விதம் 10-ஆம் பிரிவை மீறியது என்றது. 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவு வழிகாட்டுதலையே சட்டவிரோதம் என்றது. 2025 செப்டம்பரில் எழுத்தாளர் கிரஹாம் லினஹன் தன் பதிவுகளுக்காக ஹீத்ரூ விமான நிலையத்தில் ஆயுதம் தாங்கிய காவலர்களால் கைதானார். அடுத்த மாதம் மேல்நடவடிக்கை இல்லை என்று முடிவானது, லண்டன் மாநகரப் போலீஸும் குற்றமற்ற வெறுப்புச் சம்பவங்களை இனி விசாரிக்க மாட்டோம் என்று அறிவித்தது.

குற்றமாகக்கூடியவை வேறு: கொலை மிரட்டல், வன்முறைத் தூண்டல், ஒரே ஆளை விடாமல் பின்தொடர்ந்து எழுதுவது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு சம்பவங்கள்கூடத் தொடர் நடத்தையாகலாம். மற்றபடி, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பெண் ஒருவர் ட்விட்டரில் திருநங்கை ஒருவருக்கு எரிச்சல் தந்தார் என்று தொலைத்தொடர்புச் சட்டத்தில் பெற்ற தண்டனையை 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எரிச்சலூட்டுவதே குற்றம் என்று அந்தச் சட்டத்தைப் படிக்க முடியாது என்பதே காரணம்.

ஸ்காட்லாந்துல சட்டம் வேறன்னு சொல்றாங்களே?

வேறுதான். 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள வெறுப்புக் குற்றச் சட்டத்தில், திருநர் அடையாளம் உட்படச் சில அம்சங்களை வைத்து வெறுப்பைத் தூண்டுவது குற்றம், ஏழு வருடம் வரை சிறை. இங்கிலாந்தில் வெறுப்பைத் தூண்டும் குற்றம் இனம், மதம், பாலீர்ப்பு மூன்றுக்கும்தான் எழுதப்பட்டது. திருநர் மீதான பகையால் ஒரு குற்றம் நடந்தால் அங்கே தண்டனையைக் கூட்டுவார்கள்.

ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் வாசல் உயரம்தான். பேச்சு மிரட்டலாகவோ வசையாகவோ இருக்க வேண்டும், வெறுப்பைத் தூண்டும் நோக்கமும் வேண்டும். விவாதிப்பதும் விமர்சிப்பதும் மட்டுமே குற்றமாகாது என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் நாளே ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே. ரௌலிங், முடிந்தால் கைது செய்யுங்கள் என்று சவாலாகப் பதிவிட்டார். மறுநாள் போலீஸ் அதில் குற்றம் இல்லை என்றது. ஆனால் முதல் வாரத்தில் ஏழாயிரத்துக்கும் மேல் புகார்கள் குவிந்தன. பெரும்பாலானவை எங்கும் போகவில்லை. சட்டத்தில் பெண் என்பதற்கான பாதுகாப்பு இல்லாததைப் பலர் கண்டித்தார்கள், அந்தக் கண்டனம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

2025 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் திருநங்கைகளுக்கு உரிமையே இல்லையாமே? இனி எப்படி வேணா கூப்பிடலாமாமே?

இரண்டுமே தவறு. 2025 ஏப்ரல் 16-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது, சமத்துவச் சட்டத்தில் 'பெண்', 'பாலினம்' என்ற சொற்கள் உயிரியல் பாலினத்தைக் குறிக்கும் என்பது. 2004 சட்டப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு இது பொருந்தும். ஸ்காட்லாந்தின் பொது வாரியங்களில் பெண்கள் எண்ணிக்கை பற்றிய சட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கு இது. பெண்களுக்கான தனி இடங்கள், தனிச் சேவைகள் விஷயத்தில் பெரிய விளைவு உண்டு.

பேச்சுரிமை பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் மாற்றவில்லை. பாலின மாற்றம் என்ற அம்சத்துக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. ஒரு தரப்பின் வெற்றி, மறு தரப்பின் தோல்வி என்று இதைப் படிக்க வேண்டாம் என்று தீர்ப்பை வாசித்த லார்ட் ஹாட்ஜ் கேட்டுக்கொண்டார். ஆகவே நேற்று 26-ஆம் பிரிவில் துன்புறுத்தலாக இருந்தது இன்றும் துன்புறுத்தல்தான்.

பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளைகள் வகுப்புல வாதாடலாமா?

தாராளமாக. உயர்கல்வியில் பேச்சுரிமைக்கான 2023 சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2025 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு நடைமுறையில் உள்ளன. 2024 ஜனவரியில் பேராசிரியர் ஜோ ஃபீனிக்ஸ் ஓப்பன் யூனிவர்சிட்டிக்கு எதிராக வென்றார். சக பேராசிரியர்கள் கூட்டுக் கடிதம் எழுதி அவரை ஒதுக்கியதைத் துன்புறுத்தல் என்றது தீர்ப்பாயம். அதாவது 26-ஆம் பிரிவு இரண்டு பக்கமும் வெட்டும்.

ஹெச்.ஆர். வேலைல ஒருத்தர் திருநங்கைன்னு தெரிஞ்சுது. வெளிய சொன்னா என்ன? உண்மையைத்தானே சொல்றேன்?

சொல்லவே கூடாது. பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவரின், அல்லது அதற்கு விண்ணப்பித்தவரின் விவரத்தை, பணியின் வழியாக அறிந்தவர் வெளியிடுவது 2004 சட்டத்தின் 22-ஆம் பிரிவில் கிரிமினல் குற்றம். விதிவிலக்குகள் மிகச் சில. சான்றிதழ் இல்லாதவர் விஷயத்திலும் தகவல் பாதுகாப்புச் சட்டமும் துன்புறுத்தல் விதியும் இருக்கின்றன. நம் ஆட்கள் கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் பிழைப்பும் பாதுகாப்பும் அதில் போகலாம்.

மேனேஜர் ரெயின்போ பேட்ஜ் குத்தச் சொல்றார். மாட்டேன்னு சொல்லலாமா?

ரெயின்போ பேட்ஜ், ஒருபால் ஈர்ப்பினருக்கும் திருநர்களுக்கும் ஆதரவு காட்டக் குத்துவது. பேசும் உரிமையோடு, நம்பாததைச் சொல்லாமல் இருக்கும் உரிமையும் வரும். 2018-இல் வடக்கு அயர்லாந்தின் ஆஷர்ஸ் பேக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்தார்கள் கடைக்காரர்கள். வாடிக்கையாளர் யார் என்பதற்காக மறுக்கவில்லை, வாசகத்துக்காக மறுத்தார்கள், அதனால் அது பாகுபாடு இல்லை என்று முடிவானது. ஆட்களுக்குச் சேவை மறுப்பதற்கு இந்தத் தீர்ப்பில் இடமே இல்லை.

ஆகவே விருப்பப்பட்டவர் குத்தலாம் என்ற பேட்ஜை நீங்கள் பணிவாகத் தவிர்க்கலாம். கட்டாயம் என்றால், ஏன் கட்டாயம் என்று எழுத்தில் கேளுங்கள். குத்தியிருப்பவரைக் கிண்டல் செய்தால் நீங்கள் இந்த விவாதத்தை அங்கேயே இழந்துவிடுவீர்கள்.

என் மேல விசாரணைன்னு லெட்டர் வந்துடுச்சு. (இன்னொருவர்: என்னைத் தினமும் கிண்டல் பண்றாங்க.) முதல்ல என்ன செய்யணும்?

இரண்டு பேருக்கும் ஒரே வழிதான். எதையும் அழிக்காதீர்கள். பதிவு, மெசேஜ், மெயில் எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் பதில் எழுதாதீர்கள். சங்கத்தில் இருந்தால் அன்றே சொல்லுங்கள். ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்கு சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ கூட்டிப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. வார்த்தை சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளரை எழுத்தில் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காலக்கெடுவில்தான் நிறைய பேர் தோற்கிறார்கள். தீர்ப்பாயத்துக்குப் போக நீண்ட நாள் நடைமுறையில் உள்ள கெடு, சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இதை ஆறு மாதமாக்க 2025 டிசம்பரில் சட்டம் நிறைவேறியிருக்கிறது. உங்கள் சம்பவத் தேதிக்கு எது பொருந்தும் என்று ஏகாஸ் என்ற சமரச அமைப்பின் இலவச உதவி எண்ணில் கேளுங்கள். எப்படியும் வழக்கு போடுமுன் அவர்களிடம் சமரச முயற்சிக்குப் பதிய வேண்டும். கம்பெனியின் உள் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு உங்களுக்காக நிற்காது.